மஞ்சள் பையில் பழனித் தொகுதி

பழனி நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தேர்தலுக்குத் தேர்தல் அம்மா வேட்பாளரிடம் மனு கொடுப்பாள். நகல் பைக்குள் போகும். கேட்டது எப்போதும் ஒன்றுதான்: திருப்பூரிலிருந்து சாயங்காலம் ஒரு டவுன் பஸ். அப்பா அங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். அங்கேயே ராயபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைதான் வருவார். "பஸ் மட்டும் உட்டாங்கன்னா தெனமும் ஊட்டுக்கு வந்துருவேன் சாமி" என்பார். எம்.பி.க்கும் டவுன் பஸ்ஸுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

எனக்கு ஒன்பது வயதானபோது மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வகுப்பிலேயே என் கையெழுத்துதான் அழகு என்ற தலைக்கனம் வேறு. பழைய நகலை முன்னால் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினேன்.

வேட்பாளர் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். பதினொன்றானது, பன்னிரண்டானது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மனுவை விரிப்பேன், மடிப்பேன், ரோட்டுக்கு ஓடுவேன், திரும்புவேன். "காலுல சக்கரமா கட்டியிருக்குது? சித்த நில்லு கண்ணு" என்று அதட்டிய அம்மாவும் நூறு தடவை ரோட்டைப் பார்த்துவிட்டாள்.

வேன் வந்தது. வேட்பாளருக்குப் பக்கத்தில் நின்ற கட்சிக்காரர் மனுவை வாங்கிப் படித்துச் சிரித்தார். "ஏனுங்க்கா, பழனித் தொகுதின்னு எழுதியிருக்குதுங்களே! அந்தத் தொகுதியவே எடுத்துட்டாங்க. இப்ப நாம ஈரோடுங்க."

மனு அம்மா கைக்கே திரும்பியது. "ஒரு பேனா இருந்தாக் குடுங்க, அடிச்சு மாத்தித் தாரனுங்க" என்று வேனோடு நடந்தாள், பிறகு ஓடினாள். வேன் நிற்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

சனிக்கிழமை அப்பா கேட்டபோது, "குடுத்தாச்சுங்க" என்றாள் அம்மா. எனக்காகத்தான் பொய் சொன்னாள். அப்பா தினமும் வீட்டுக்கு வராதது என்னால்தான் என்று இரண்டு வருஷம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் யார் கேட்டார்களோ, பஸ் வந்தது. முதல் நாள் அம்மா கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்துவிட்டு, என்னோடு வந்து ரோட்டோரம் நின்றாள். அப்பா இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. வழக்கம்போல சனிக்கிழமைதான் வந்தார், அதே பஸ்ஸில். அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மஞ்சள் பையைக் கவிழ்த்து, மனுக்களை ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்பில் போட்டாள். பஸ்தான் வந்துவிட்டதே, இனி மனு எதற்கு என்று நினைத்தேன். என் மேலிருந்த பழி நீங்கிய சந்தோஷத்தில் நானும் ஓடிப்போய் இரண்டை எடுத்துப் போட்டேன்.