மனோரஞ்சிதமும் குவைத் லீவும்

நர்சரிக்காரனுக்குச் செடியால் தொல்லை கிடையாது, வாங்க வருகிறவர்களால்தான் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் தெரியும். நீடாமங்கலம் ரோட்டில் நான் கடை போட்ட காலத்தில், வெளிநாட்டுப் பணத்தில் வயலோரமெல்லாம் மாடி வீடுகள் முளைத்தன. அதே வேகத்தில் செடியும் முளைக்க வேண்டும் என்றார்கள்.

மோந்து பார்க்கும் வேலை

அப்படிச் செடி கேட்டு வந்தவள் செல்வி. அவள் கணவர் ரவி குவைத்தில் டிரைவர். ஒரு மாத லீவில், கட்டி முடித்த வீட்டைப் பார்க்க வருகிறார். மனோரஞ்சிதம் என்றால் அவருக்கு உயிராம். வரும்போது வாசலில் பூத்து நிற்க வேண்டுமாம். வாசம் உண்டா என்று கேட்டாள். தாய்ச்செடியில் மஞ்சளாகப் பழுத்திருந்த பூவைப் பறித்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மோந்த பூ சாமிக்கு ஆகாதாம். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"நீங்க வேதக்காரங்கதானேண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மோந்து சொல்லுங்க."

பாம்புக்கு உத்தரவாதம்

மொட்டு வைத்த கிளை ஒன்றில் பட்டையைச் சீவி, ஈரத் தேங்காய் நாரைக் கட்டிப் பதியம் போட்டேன். வேர் விட்டதும் வெட்டித் தொட்டியில் வைத்தால், ரவி வரும்போது பூவோடு கொடுத்துவிடலாம்.

அதற்குள் செல்வியின் மாமனார் சைக்கிளில் வந்து இறங்கினார். மனோரஞ்சித வாசத்துக்குப் பாம்பு வருமாம். சுற்றிலும் நெல்வயல், எலி இருக்கிற ஊரில் பாம்புக்குப் பூ எதற்கு என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

"எல்லாம் சரிதாங்க. பாம்பு வராத மனோரஞ்சிதமாப் பாத்துக் குடுங்க."

திருடினால்தான் தழைக்குமாம்

ரவி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்பினால் பதியக் கிளையைக் காணோம். வேர் எட்டிப் பார்க்காத கிளை. நட்டால் செத்துத்தான் போகும்.

மறுநாள் மத்தியானம், மொட்டெல்லாம் உதிர்ந்த அந்தக் கிளையோடு செல்வியே வந்து நின்றாள். ஏதாவது மருந்து அடித்துப் பிழைக்க வைக்க வேண்டுமாம். ஏன் ஒடித்தாய் என்று கத்தினேன்.

"வாங்கி வச்சா செடி தழைக்காதுண்ணே, திருடி வச்சாத்தான் தழைக்கும். எப்படியும் எங்களுக்குத்தானே வச்சிருந்தீங்க?"

வாசலில் பூக்காதது

ரவி வந்தார். வாசலில் பூ இல்லை. சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். சண்டை போடவில்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வருவார். எதையும் வாங்க மாட்டார், ஒடிக்கவும் மாட்டார். தாய்ச்செடிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். எனக்கு மனசு கேட்காமல் வேறொரு கிளையில் புதிதாகப் பதியம் போட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள், அவர் போவதற்குள் இது வேர் விடாது என்று சொல்லிவிட்டேன். நார்க்கட்டை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"மெதுவாவே விடட்டுங்க. நான் திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும்."

செடிக்கு அவசரம் கிடையாது, ஆளுக்கு லீவு கிடையாது, நடுவில் நிற்கிற நர்சரிக்காரனுக்கு நிம்மதி கிடையாது.