ஊசியை வளர்க்கும் குஷன்காரர்

நாயின் விலாவைத் தடவிப் பார்க்காமல் குஷன்காரர் தையல் மெஷினில் உட்கார மாட்டார். காலையில் வந்ததும் அதை வெளிச்சத்தில் நிறுத்தி, விரல்களை விரித்து, முதுகிலிருந்து வயிறு வரை மெதுவாக இறக்குவார். விலா எலும்பு லேசாகத் தெரிய வேண்டும். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. விலா விரலுக்குச் சிக்காவிட்டால் முந்தின நாள் தீனி கூடிப்போயிற்று என்று அர்த்தம். "சதை வச்சிட்டியே, யாருடி குடுத்தா?" என்று அதன் காதில் கேட்பார். நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். பிஸ்கட் கொடுத்தது பெயின்டர் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயின்டரும் முகத்தை அந்தப் பக்கம்தான் திருப்பிக்கொண்டிருப்பார்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சுத்தியல் தூக்கியவன். இன்றைக்கு இந்த ஊரில் எந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் அநேகமாக நான் போட்ட கூரைக்குக் கீழேதான் உட்காருவீர்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஒரு ஆள் சுத்தியலைப் பிடிக்கிற பிடியிலேயே அவனை எடைபோட்டுவிடுவேன். குஷன்காரர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நாள் பிடித்தது. காரணம், அவர் எதையும் வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. நடை மெதுவு, பேச்சு மெதுவு, டீ குடிப்பதுகூட மெதுவு. ஆனால் அவர் தைத்த சீட்டில் ஒரு தையல் பிரிந்து வந்ததாக இதுவரை எந்த பஸ் முதலாளியும் என் வாசலில் வந்து நின்றதில்லை.

நாயின் பெயர் ஊசி. நாட்டு வேட்டை நாய். கூரிய முகம், ஆழமான நெஞ்சு, முதுகோடு ஒட்டினாற்போல வயிறு, சாட்டைபோல வால். பக்கவாட்டில் நின்றால் நாய், நேராக நின்றால் ஒரு கோடு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் உச்சுக்கொட்டுவார்கள். ஒருமுறை ஒரு பஸ் முதலாளி, "என்னய்யா இது, பட்டினி போட்டே கொன்னுடுவ போலிருக்கே?" என்று கேட்டுவிட்டார். குஷன்காரர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு அவருடைய வயிற்றை நிதானமாகப் பார்த்தார். "ஓடுறவங்களுக்குத் தொப்பை ஆகாதுங்க. உக்காந்திருக்கிறவங்களுக்கு இருக்கலாம், தப்பில்ல" என்றார். பஸ் முதலாளிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டதால் அவரும் சிரித்தார்.

இந்த வகை நாய்க்குத் தோல் மெல்லிசு, ரோமம் குட்டை. "இது ரெக்ஸின் இல்ல முதலாளி, பட்டு. தகரம் உரசினாலே கிழிஞ்சிடும்" என்று குஷன்காரர் என்னிடம் சொல்வார். என் பட்டறையிலோ திரும்பின பக்கமெல்லாம் தகரம். நாயைக் கூட்டிவர நான் சம்மதித்த மறுநாள் மனிதர் ஒரு அரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முழங்கால் உயரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு ஒவ்வொன்றையும் ராவி மழுக்கினார். வேலை கெடுகிறதே என்று நான் கத்தினேன். அதற்குப் பிறகு என் ஆட்கள் யாரும் காலில் வெட்டுப்பட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு வரவில்லை. நாய்க்காகச் செய்தது எங்களுக்கும் ஆயிற்று. அப்படியொரு யோசனை எனக்கே தோன்றியிருக்க வேண்டியது.

வெறும் தரையில் படுத்தால் சதை இல்லாத முழங்கை காய்த்துப் புண்ணாகிவிடும். அதனால் வெட்டி மிஞ்சும் ஸ்பாஞ்சில் அதற்கு மெத்தை. என் ஆபீஸ் நாற்காலியைவிட அது சொகுசு, உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சந்தோஷம் வந்தால் வாலை ஆட்டி ஆட்டி பஸ் பலகையில் அடித்து நுனியைப் புண்ணாக்கிக்கொள்ளும். அதற்கு ஸ்பாஞ்சில் ஒரு உறை தைத்து மாட்டினார். குளிர் நாட்களில் சீட்டுத் துணியில் மேல்சட்டை. "பஸ்ஸுக்கு வந்த துணி நாய் மேல போகுது, முதலாளி கண்டுக்கறதே இல்ல" என்று வெல்டர் என் காதுபட முணுமுணுப்பான். கண்டுகொண்டேதான் இருந்தேன்.

காலையில் கேட்டைச் சாத்திவிட்டு, பட்டறை முற்றத்தில் அவிழ்த்துவிடுவார். அது ஓடுவதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது. உடம்பு வில்லாக வளைந்து நிமிரும்போது நாலு காலும் தரையில் இருக்காது. ஓடி முடித்ததும் உடனே தீனி கிடையாது. மூச்சு அடங்கி உடம்பு ஆற வேண்டும். தின்றபிறகு ஓட்டமும் கிடையாது. "தின்னுட்டு ஓடினா வயிறு முறுக்கிக்கும், அப்புறம் ஆள் தேறாது." வேகவைத்த தானியம், கொஞ்சம் இறைச்சி, தண்ணீர், அவ்வளவுதான் சாப்பாடு. குரைப்பதும் குறைவு. அதட்டவே கூடாது. வெல்டர் ஒருநாள் சும்மா கத்தினதற்கு அது மெத்தையில் சுருண்டு, சாயங்காலம்வரை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அடி இதுக்கு உடம்புல விழாதுடா, மனசுல விழும்" என்றார் குஷன்காரர். அன்றைக்கு வெல்டரும் சாப்பிடவில்லை.

இதெல்லாம் பிடிக்காத ஒரே ஆள் குஷன்காரரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை. மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவார். வரும்போதே ஆரம்பித்துவிடுவார். "எங்க உங்க சின்ன வீடு? மெத்தையில சாஞ்சிருக்காங்களா?" பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, எனக்குத் தலைவலின்னா மாத்திரையப் போட்டுக்கிட்டுப் படும்பாரு. இது தும்மினா லீவு போடறாரு. நியாயத்த நீங்களே சொல்லுங்க" என்பார். நியாயம் சொல்ல நான் எந்தக் காலத்திலும் தயங்கினவன் இல்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் வாய் திறக்கிற அளவுக்கு முட்டாளும் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம். இரண்டு கையிலும் பையோடு வந்த அவர் மனைவி, கேட்டை முதுகால் தள்ளிச் சாத்தினார், கொண்டியைப் போடவில்லை. காற்றில் கேட் திறந்துகொண்டது. வெளியே ரோட்டோரமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை குதித்துக் குதித்துப் போயிற்று. இந்த நாய் மோப்பத்தால் வேட்டையாடுவது இல்லை, கண்ணால் வேட்டையாடுவது. அசைகிற ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். மெத்தையிலிருந்து எழுந்ததை நான் பார்த்தேன், கேட்டைத் தாண்டினதைப் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம்.

எங்கள் வாசலில் போவது பெரிய ரோடு. லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும். ஊசி ரோட்டின் எங்கள் பக்க விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லாரி அதை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போக, அதன் காற்றில் நாய் தடுமாறியது. அடுத்த தடுமாற்றம் சக்கரத்துக்குள்தான். வெல்டர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினான். பெயின்டர் பிரஷ்ஷோடு விசிலடித்தபடி பின்னால் ஓடினார். நானும் ஓடினேன், இந்த வயதிலும் எனக்கு ஓட வரும். வண்டிச் சத்தம் கேட்டு ஊசி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் அத்தனை குஷி. பந்தயத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. இன்னும் நீட்டிப் பறந்தது.

"வண்டிய நிறுத்துடா! துரத்தாதீங்க யாரும்!"

குஷன்காரர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வெல்டர் பிரேக் போட்டுவிட்டான். மனிதர் கையில் கயிற்றோடு கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்யா நிக்கிற, போய்ப் பிடி!" என்றேன்.

"பிடிக்கப் போனா போய்க்கிட்டே இருக்கும் முதலாளி. நாம போனாத்தான் வரும்."

எனக்கு விளங்கவில்லை. அவர், "ஊசீ!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். தூரத்தில் அது வேகம் குறைந்து திரும்பியது. அந்தக் கணத்தில் இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். பட்டறை மதிலை ஒட்டிப் போகும் சந்தில், ரோட்டை விட்டு விலகி, இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக்கொண்டு, "ஹோய் ஹோய்" என்று கூவிக்கொண்டு. டீயை ஆற அமரக் குடிக்கிற மனிதர்! செருப்பு ஒன்று ஒரு பக்கம் பறந்தது, மற்றது இன்னொரு பக்கம். "புத்தி கெட்டுப்போச்சா இவருக்கு?" என்றார் பெயின்டர்.

நாய் ரோட்டோரத்தில் நின்று யோசித்தது. ஒரு லாரி கடந்தது. இன்னொன்று கடந்தது. அதன் கண்ணுக்கு இப்போது ஓடுகிற பொருள் அவர் ஒருவர்தான். திரும்பியது. வந்த விளிம்பிலேயே அம்புபோல வந்து, எங்களைத் தாண்டி, சந்துக்குள் பாய்ந்தது. நாங்கள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தபோது குஷன்காரர் புழுதியில் விழுந்து சுருண்டு கிடந்தார். இடறி விழவில்லை, நாய் கிட்டே வரட்டும் என்று தானாகத்தான் விழுந்தாராம். வெல்டர் உள்ளே பாயப் பார்த்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியவன் நான்.

ஊசி அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு சின்ன வட்டம். முகர்ந்தது. அவர் கை நாயின் கழுத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, ஆனால் எட்டிப் பிடிக்கவில்லை, விரலைக்கூட மடக்கவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் பிடிக்கப் பாய்ந்து மறுபடி தப்பவிட்டிருப்போம். கடைசியில் அதுவே மூச்சிரைக்க அவர் தோளில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் கயிற்றை மாட்டினார். ஒரு அதட்டல் இல்லை. "வந்துட்டியா, நல்ல பிள்ள" என்று மட்டும் சொன்னார். ஊசியின் தொடையில் ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. உள்ளங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

அவர் மனைவி எங்களுக்குப் பின்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். "நான்தாங்க... கொண்டியப் போடல... ஏதாவது திட்டிடுங்க" என்றார். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

குஷன்காரர் எழுந்தார். முட்டியில் ரத்தம், வாயெல்லாம் புழுதி. அந்தக் கயிற்றை அவர் இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் கையில்கூட. மனைவியின் கையை முகத்திலிருந்து மெதுவாக எடுத்து, கயிற்றின் வளையத்தை அந்த மணிக்கட்டில் மாட்டினார். பிறகு வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் நடந்து போனார். கேட்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.