சட்டைக் கையில் சாக்பீஸ் தூள்

எந்தத் துணியைக் கையில் வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள் அந்தத் தையல்காரி. வெளியே எல்லாரும் ஒழுங்காகத்தான் தைத்திருப்பார்கள், தில்லுமுல்லு உள்ளேதான் இருக்கும் என்பது அவள் கட்சி. மனிதர்களையும் அப்படியே பார்த்ததால் தெருவில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பேர். வைத்தது வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான். லேத் பட்டறையில் வேலை. மனசு குளிர்ந்திருந்தால் அந்தப் பேரையும் சுருக்கி, "ஏ எக்ஸ்!" என்று கூப்பிடுவார்.

கொஞ்ச நாளாக அந்தக் கூப்பாட்டைக் காணோம். பட்டறை விட்டதும் நேரே வீட்டுக்கு வருகிறவர், இருட்டிய பிறகு வந்தார். கேட்டால் ஓவர்டைம் என்றார். ஓவர்டைம் பார்த்த சட்டையில் எண்ணெய்க் கறை கூடத்தானே இருக்க வேண்டும்? துவைக்கப் போட்டதை எடுத்து வழக்கம்போல உள்ளே திருப்பினாள். வலது கை மடிப்புக்குள் வெள்ளைத் தூள். முகர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. சாக்பீஸ்.

நாளெல்லாம் சாக்பீஸால் துணியில் கோடு போடுகிறவளுக்கு அந்தத் தூளைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும். எங்கேயோ இன்னொரு தையல்காரி இருக்கிறாள். அவளுடைய மேசையில் இவர் கையை ஊன்றிக்கொண்டு சாவகாசமாகப் பேசுகிறார்.

பக்கத்து வீட்டு நாத்தனாரிடம் சட்டையைக் காட்டினாள்.

"சாக்பீஸ்தானே அண்ணி? லிப்ஸ்டிக் இல்லையே!"

"லிப்ஸ்டிக்னா பஸ்ல யாரோ இடிச்சுட்டாங்கன்னு விட்டுடலாம்டி. இது மடிப்புக்குள்ள ஏறியிருக்கு."

"எங்க அண்ணனா? கல்யாணம் பேச வந்தப்ப உங்க மூஞ்சியைக்கூடப் பார்க்காம செருப்பையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்த மனுஷன்."

"அதான் எனக்கு அப்பவே இடிச்சுது. எதை மறைக்கறதுக்குக் குனிஞ்சாரோ!"

நாத்தனார் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தேகத்துக்குக் கால் முளைத்தது. கொல்லைக் குழாயடியில் நின்று அவர் தணிந்த குரலில் போன் பேசினார். இவள் மிஷின் மிதிப்பதை நிறுத்திக் காதைக் கொடுத்தாள்.

"எக்ஸ் அங்க இருக்கக் கூடாதுங்க... ஆமாங்க, எக்ஸ் இருக்கறதாலதான் எல்லாம் கோணலாப் போகுது. அதைத் தூக்கிட்டா தொடு..."

பக்கெட்டில் தண்ணீர் கொட்டிய சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை. கேட்டதே போதுமாக இருந்தது. 'தொடு' என்று தொடங்கினால் தொடுப்பில்தானே முடியும்? யார் யாருக்கோ தொடுப்பு இருப்பதாகத் தெருவில் பேசியவள், இப்போது தன் வீட்டுத் தொடுப்பையே காதால் கேட்டுவிட்டாள். தன்னைத் தூக்கிவிடத் திட்டம் நடக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பையில் மாற்றுத் துணியும் பெரிய கத்தரிக்கோலும் எடுத்து வைத்தாள். கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே தம்பி வீட்டுக்குப் போய்விடுவது. கத்தரிக்கோல் இருந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

பட்டறை வாசலிலிருந்து பின்தொடர்ந்தாள். வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சைக்கிள் கடை மாடிப்படியில் ஏறினார். பின்னாலேயே ஏறிப் பாதி சாத்திய கதவருகே நின்றாள். உள்ளே ஒரு பெண் குரல்.

"போன்ல அவ்வளவு சொன்னேனே, மறுபடியும் எக்ஸை விட்டு வெச்சிருக்கீங்களே!"

கதவைத் தள்ளினாள். பெஞ்சுகளில் வேலை முடித்து வந்த முகங்கள். கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். கரும்பலகை முன்னால், கையும் சாக்பீஸுமாக அவள் புருஷன். அவள் பை நழுவிக் கத்தரிக்கோல் தரையில் கணீரென்று விழ, முதல் பெஞ்சு ஆள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"யாரும்மா நீங்க?" என்றாள் டீச்சர்.

"நான்தான் எக்ஸ். என்னைத் தூக்கணும்னு பேசினீங்களாமே, தூக்குங்க."

புருஷன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்த எக்ஸ் நீ இல்ல!" டீச்சருக்குச் சங்கதி மெல்லப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையைக் காட்டினாள்.

"இது எக்ஸ் ஸ்கொயர் போடற வளைவு. எக்ஸ் மூணா இருக்கற இடத்துல உயரம் ஒன்பது. அங்க மட்டும் வளைவை உரசிட்டுப் போற நேர்கோடு வேணும். அதுதான் தொடுகோடு."

"தொடு... கோடா?"

"ஆமா. அந்த இடத்துல வளைவு எவ்வளவு சாயுதுன்னு வகைக்கெழு சொல்லும். இதுக்கு ரெண்டு எக்ஸ். எக்ஸுக்கு மூணு போட்டா ஆறு, அதுதான் கோட்டோட சாய்வு. இவர் மூணு போடாம ரெண்டு எக்ஸ்னே எழுதிடறாரு. அப்ப கோடும் வளைஞ்சிடும்."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தி போகுமா?

"இருக்கட்டும். டிப்ளமோ முடிச்ச மனுஷனுக்கு இங்க என்ன வேலை?"

அவர் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. கண் செருப்புக்குப் போனது.

"முடிக்கல. கணக்குல போச்சு. கல்யாணம் பேசினப்ப முடிச்சாச்சுன்னு எங்க வீட்ல சொல்லிட்டாங்க, நானும் வாயை மூடிட்டேன். இப்ப சூப்பர்வைசர் வேலைக்கு சர்டிபிகேட் கேக்கறாங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது?"

அன்றைக்குக் குனிந்த தலைக்குக் காரணம் இதுதானா. அவள் பிடித்தது தப்பில்லை. ஆள்தான் மாறிப்போனது, அவள் நினைத்த இன்னொரு தையல்காரி இருக்குமிடத்தில் ஒரு கணக்குப் பரீட்சை இருந்தது. குனிந்து கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டாள். படியிறங்கப் போகிறாளா என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷப் பொய்க்கு வீட்ல பேசிக்கலாம். இப்ப அதை எழுதுங்க, நான் பார்க்கறேன்."

அவர் எழுதினார். சாய்வு வரும் இடத்தில் பழைய வழக்கத்தில் 2x வந்துவிட்டது. பின்னால் தொண்டை கனைக்கும் சத்தம். அவசரமாகச் சட்டைக் கையால் அழித்துவிட்டு ஆறு போட்டார். y − 9 = 6(x − 3). அடுத்த வரியில் y = 6x − 9.

"இன்னும் ஒரு எக்ஸ் மிச்சம் இருக்கே?" என்றாள் விடாமல்.

"அது இருக்கணும்மா," என்றாள் டீச்சர். "அது இல்லேன்னா இந்தக் கோடே இல்ல."

அவர் மெல்லத் தலையை நிமிர்த்தி முதல்முறையாகக் கூசாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்த்தது அவருடைய கை மடிப்பை.

"ஏங்க, இங்க டஸ்டர் ஒண்ணு கிடையாதா?"