என் கைபேசியில் மட்டும் முதலிடம்

தேடலில் என் வலைப்பூதான் முதலில் வருகிறது என்று இரண்டு வருடங்களாக நம்பியிருந்தேன். தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பேருந்தில், சில கிழமைகளுக்கு முன், அந்த நம்பிக்கை போய்விட்டது.

போக்கியவள் யோகம். என்னோடு படித்தவள். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு முதற்பிரசவம். பிள்ளை பிறக்கும்போது தான் அருகில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதுவோ இடம்பெயர்வில் தொலைந்தது. பிறப்புகளைப் பதியும் அரச அலுவலகமான கந்தோரின் பதிவிலும் அவள் பெயர் அகப்படவில்லை.

"மூண்டு தரம் கந்தோருக்குப் போயிட்டன். ஒவ்வொருக்காவும் வேற கடதாசி கேக்கினம். போனிலயும் ஒரு கிழமையாத் தேடுறன், ஒண்டும் வருகுதில்லை."

"என்னடி ஒண்டுமில்லை? நான் எழுதியிருக்கிறன் எல்லோ!"

பெருமையோடு என் கைபேசியில் தேடிக் காட்டினேன். என் கட்டுரை முதலாவதாக வந்தது. அவள் தன்னுடையதில் அதே சொற்களை அடித்தாள். முதற்பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை... ஆறாம் பக்கம்வரை தள்ளிப் பார்த்தாள்.

"எடி, உன்ர போனுக்கு உன்னை நல்லாத் தெரிஞ்சிருக்கு. என்ரைக்குத் தெரியேல்லை."

பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் சொன்னது சரி. நாள்தோறும் என் பக்கத்தை நானே திறந்து பார்க்கிறேன். நான் அடிக்கடி போகும் இடத்தைத் தேடுபொறி எனக்கே முதலில் நீட்டுகிறது. அதை உலகத்தின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டவள் நான்!

கட்டுரையைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். தலைப்பு — 'ஈரம் குடித்த ஏடுகள்'.

"இதென்ன, படத்தின்ர பேரோ? நான் ஈரத்தையோ தேடினனான்?"

அந்தத் தலைப்புக்காக இரண்டு நாள் யோசித்திருந்தேன்.

அவள் வாசித்தாள். விரலை வைத்து, வரிவரியாக. பரந்தன் சந்தி வருமுன் நிமிர்ந்தாள்.

"ஊர் அலுவலர் விதானையாரின்ர கடிதமும் பள்ளிக்கூடப் பெயர்ப்பதிவு இடாப்பின்ர பிரதியும் வேணுமாம். ரெண்டும் என்னட்டை இல்லை. இண்டைக்கும் சும்மாதான் திரும்பியிருப்பன்."

சந்தியில் இறங்கி, அவற்றை எடுக்க ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டாள். என் கட்டுரை இரண்டு வருடங்களாக இருந்தும், இவள் மூன்று தரம் வீணாக அலைந்திருக்கிறாளே...

வீட்டுக்கு வந்ததும் வருகைப் புள்ளிவிபரத்தைத் திறந்தேன். முதல் வேலையாக, என் சொந்த வருகைகளைக் கணக்கில் சேர்க்காதே என்ற தெரிவை அழுத்தினேன். வரைபடத்தின் மேடுகள் பாதி மறைந்தன! மிச்சம் யார்? பெரும்பாலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. இணைப்பைப் போட்டதும் கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வந்துவிடுவார்கள். தங்கும் நேரம் — பத்து விநாடி. கலியாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போவது போல. "பார்த்தனாங்கள், வடிவாயிருக்கு" என்ற செய்தி மட்டும் தவறாமல் வரும். அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆனால் அன்பை வாசிப்பு என்று எண்ணியது என் பிழை.

தேடல் வழியாக அந்தக் கட்டுரைக்கு ஒருவர்கூட வந்திருக்கவில்லை. எப்படி வருவார்கள்? யோகம் கேட்ட கேள்வி அதன் தலைப்பில் இல்லை. முதற் பந்தியிலும் இல்லை.

மாற்றுவது என்று தீர்மானித்தேன். 'பிறப்புப் பத்திரம் தொலைந்து, பதிவும் இல்லையென்றால் என்ன செய்வது?' என்று எழுதினேன். அலங்காரமில்லாத தலைப்புத்தான். மனம் கொஞ்சம் நொந்தது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. தேவையான கடதாசிகளை முதற் பந்திக்குக் கொண்டுவந்தேன். அப்படியே மற்றக் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, இதைத் தேடி வருபவர் என்ன கேட்டு வருவார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் இல்லாத இடங்களில் வெட்கமாக இருந்தது. இப்போது தரவரிசை பார்ப்பதென்றால், என்னை அடையாளம் தெரியாத இன்காக்னிட்டோ பக்கத்தில்தான்.

வருகைகளின் மொத்த எண்ணிக்கை முன்னையதில் பாதிகூட இல்லை. ஆனால், போன கிழமை யாரோ ஒருவர் தேடி வந்து அந்தக் கட்டுரையில் பன்னிரண்டு நிமிடம் நின்றிருக்கிறார். எதிலோ பார்த்து எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று யோகம் அழைத்தாள். பத்திரம் கிடைத்துவிட்டதாம், கடவுச்சீட்டுக்கும் கொடுத்துவிட்டாளாம்.

"இப்ப என்ர போனில தேடினால் நீ ரெண்டாம் பக்கத்தில நிக்கிறாய். முன்னுக்கு வா. இனி விசா எடுக்கிறது எப்பிடியெண்டு விசாரிச்சு எழுது. உந்தக் கவிதைத் தலைப்பு வைச்சியெண்டால், பேரப்பிள்ளை நடக்கத் துவங்கின பிறகுதான் நான் அங்க போய்ச் சேருவன்!"