பெரியநாயக்கன்பாளையத்துப் புள்ளி

வேண்டாம். சாந்தாமணி அக்காவின் நினைவாக வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் திரும்ப வைக்க வேண்டாம் என்பதே என் பதில்.

செவ்வாய் மதியம் நம் பூச்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் அக்கா இறந்த செய்தி வந்தது. மாரடைப்பு. துடியலூர் பம்பு கம்பெனியில் அவர் மேசை என் மேசைக்கு அடுத்தது. அன்று அவர் விடுப்பு. செய்தியை அவருக்கே அனுப்பப் போனேன். எதுவானாலும் முதலில் அவருக்குச் சொல்லும் பழக்கம்.

அவருடைய அந்துப்பூச்சியை நீங்கள் பார்த்தும் பார்க்காமல் போயிருப்பீர்கள். வைக்கோல் நிறம். முன்சிறகின் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. பின்சிறகு வெள்ளை. தண்டோடு ஒட்டி உட்கார்ந்தால் கொழுக்கட்டைப் புல்லின் காய்ந்த கீற்று. புழு அந்தத் தண்டுக்குள்ளேயே தின்று வளரும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலி போட்ட அந்த மேய்ச்சல் நிலங்களில், நடந்தால் காலடியில் எழும். மேற்கே நாம் யாரும் கண்டதில்லை.

அக்கா கண்டார். பெரியநாயக்கன்பாளையத்தில், ஒரு மாட்டுக் கொட்டகைச் சுவரில். அந்தப் பூச்சியைக் கண்ட இடங்களைக் குறிக்கும் குழுவின் வரைபடத்தில் மேற்குக் கோடியில் புள்ளி வைத்தார். அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

புழு தின்னும் புல் அங்கே எங்கு வளர்கிறது என்று பார்க்க, அடுத்த வாரம் என்னையும் கூட்டிப் போனார். கொட்டகைக்காரர் சிரித்தார்.

“ஏனுங்க அம்மணி, பூச்சி பார்க்கவா பஸ் ஏறி வந்தீங்க? எங்க ஊட்டு லைட்டப் போட்டா மூட்டையா அள்ளலாமுங்க.”

அக்கா மூலையில் இருந்த புல்கட்டைத் தொட்டார். “இது எங்க வெட்டுனதுங்க?”

“காங்கேயத்துலீங்க. மாடும் அங்க வாங்குனதுதான். நம்மூருத் தீவனத்த மோந்துகூடப் பாக்கல. அதான் அந்தப் புல்லையே ஒரு வண்டி ஏத்திப்போட்டு வந்தனுங்க.”

அக்கா தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிளந்தார். ஒன்றுக்குள் பூச்சி வெளியேறிய காலிக் கூடு.

திரும்பும் பஸ்ஸிலேயே கைபேசியை எடுத்துப் புள்ளியை அழித்தார்.

“இருந்துட்டுப் போகட்டுமே அக்கா. யாருக்குத் தெரியும்?”

“வண்டியேறி வந்ததை ஊர்க்காரின்னு சொல்லப்படாது கண்ணு.” கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டே, “மைசூர்பாக்கத்தான் திருப்பிக் கேக்க முடியாதாட்ட இருக்குது,” என்றார்.

நீங்கள் அன்பினால் கேட்கிறீர்கள். புள்ளி இருந்தால் அவர் பெயரும் அங்கே இருக்கும். ஆனால் எனக்கு அவர் விட்டுச் சென்றது புள்ளியை அழித்த அந்த வெற்றிடம். அதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை பெரியநாயக்கன்பாளையம் போனேன். ஊருக்கு வெளியே, தானாக முளைத்த புல்லில், வெயில் ஏறும்வரை நடந்தேன். எதுவும் எழவில்லை. வரைபடத்தில் ஒன்றும் குறிக்காமல் பஸ் ஏறினேன்.