சனிக்கிழமை அறைக்கு ஓர் அரசாங்கம்

போர் முடிந்த அந்த வைகாசியோடு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வரும் தொலைபேசி அழைப்பும் நின்றுபோனது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் யார் தலைவர், என்ன விழா, எப்போது கூட்டம் என்பதையெல்லாம் அதுவரை இயக்கத்தின் மேலிடத்திலிருந்து ஒரு குரல் சொல்லும், நாங்கள் தலையாட்டுவோம். நானும் ஆட்டியவள்தான், அதை மறைக்கமாட்டேன். ஊரில் யார் தப்பினார்கள் என்று தெரியாமல் வீட்டுக்கு வீடு அழுதுகொண்டிருந்த நாட்களில் நகராட்சியான கொமூனிலிருந்து கடிதம் வந்தது. கோடை விடுமுறை முடிவதற்குள் பொதுக்கூட்டம் கூட்டி, வாக்கெடுத்து நிர்வாகத்தைத் தெரிவுசெய்து, பழைய தலைவரும் புதிய தலைவரும் ஒப்பமிட்ட அறிக்கையை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தந்திருந்த அறை வேறொரு சங்கத்துக்குப் போய்விடும்.

அந்த அறையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு உத்தேசமே இல்லை. "தலைவருக்கு நான் நிக்கிறன்" என்று எல்லோருக்கும் அறிவித்தேன். பதினொரு வருடம் தலைவராக இருந்த, சங்கத்தில் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் பெரியவர் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு அப்போது சரித்திரப் பரீட்சை. அமெரிக்கா தன் முதல் அரசாங்கத்தை எப்படி அமைத்தது என்பது தலைப்பு. குசினியில், சாப்பாட்டு மேசையில் டேனிஷில் ஒப்புவித்துக்கொண்டிருந்தவளைத் தமிழில் சொல்ல வைத்தேன். தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள்.

"சட்டம் எழுதி முடிச்சிட்டினம் அம்மா. ஆனா முதல் கூட்டத்துக்குக் காணுமான ஆக்கள் வரேல்ல. ஒரு மாசம் பாத்துக்கொண்டு இருந்தவை."

"பிறகு?"

"பிறகு வந்த ஜனாதிபதி, எலியும் பூனையுமா இருந்த ரெண்டு பேரை மந்திரியாக்கி ஒரே மேசையில இருத்தினவர்."

சண்டைக்காரரை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே தொடங்கியிருக்கிறார்கள். ஓர் அறையைக் காப்பாற்ற என்னால் முடியாதா என்று நினைத்தேன்.

முதல் கூட்டத்துக்கு ஏழு குடும்பங்கள் வந்தன. பாதிக் குடும்பங்களாவது வராமல் வாக்கெடுக்க முடியாது என்பது சங்கத்தின் யாப்பு விதி. "அமெரிக்காக்காரரே காத்திருந்தவை" என்று சொல்லிக் கதிரைகளைத் திரும்ப அடுக்கினேன். அன்று பின்னேரமே வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தேன். அண்ணையின் ஆட்களிடம், "நீங்கள் வராட்டி நான்தான் தலைவர்" என்றேன். என் பக்கத்தாரிடம், "நீங்கள் வராட்டி அண்ணைதான்" என்றேன். இரண்டும் உண்மைதானே. அடுத்த ஞாயிறு கதிரைகள் போதவில்லை.

எல்லோரும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். மகள் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள்.

"பெரும்பான்மை சொல்லுற ஆளுக்கு என் ஆதரவு."

"எல்லாரும் ஓமெண்டா எனக்கும் ஓம்."

"நீங்களே முடிவெடுங்கோ."

பாதிக்கு மேல் இப்படித்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "இனி ஆரும் போனெடுத்துச் சொல்லமாட்டினம்! ஒரு பேரை எழுதுங்கோ!" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் வெட்கமாக இருந்தது. யார் வேண்டும் என்று அவர்களை இதுவரை ஒருவரும் கேட்டதே இல்லை. என்னையும்தான்.

இரண்டாம் முறை பெயர்கள் வந்தன. எனக்கு முப்பத்தொன்று, அண்ணைக்கு இருபத்தாறு. ஒருவரும் கைதட்டவில்லை. அவர் ஒப்பமிடாமல் எழுந்து போனால் இருபத்தாறு பேரும் பின்னால் போவார்கள், அறையும் போய்விடும்.

"உப தலைவரா நீங்கள்தான் இருக்கவேணும் அண்ணை" என்று அறிக்கையை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை. தன் பெயர் எழுதிய சீட்டுகளை மகளிடம் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"பதினொரு வருஷம் தலைவரா இருந்தனான், பிள்ளை" என்றார். "ஒருத்தர்கூட எனக்கெண்டு ஒரு துண்டு எழுதினதில்லை."

பிறகு ஒப்பமிட்டார். இருபத்தாறு சீட்டுகளையும் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சீட்டுகளைச் சங்கம்தான் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாப்பில் இருக்கிறது. புதிய தலைவர் நான் அதைப் பார்க்காததுபோலக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன்.