மார்ச்சில் கழுதை, ஏப்ரலில் கதவடைப்பு: இர்விங்கிலிருந்து பேர்லேண்டுக்கு

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "டாலஸ் பக்கமிருந்து பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் காரில் போக எவ்வளவு நேரமாகும், வழியில் என்ன பார்க்கலாம்?" நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சாலையை நினைத்தாலே எனக்கு முதலில் கோயில் ஞாபகம் வருவதில்லை, ஒரு வாக்குச்சாவடிதான் ஞாபகம் வருகிறது. 2000 ஏப்ரலில் போன பயணம் அது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆகவே வழியையும் சொல்கிறேன், வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். வழி மட்டும் போதும் என்பவர்கள் கோபம் வருகிற இடங்களைத் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது டாலஸை ஒட்டிய இர்விங்கில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். எச்-ஒன் விசா, ஓட்டு கிடையாது. என் அக்கா வசந்தாவும் மாமாவும் ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லேண்டை ஒட்டிய ஒரு புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் இருவரும் அமெரிக்க சிட்டிசன் ஆனார்கள். கொடி வரைந்த கேக் வெட்டி, பிரியாணி போட்டு, ஊரையே கூப்பிட்டார்கள். எங்கள் சொந்த ஊர் பொள்ளாச்சி. அங்கே ஓட்டுப் போடாத வீட்டை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அக்காவுக்கும் அந்த ரத்தம்தான்.

அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. பெயர்தான் ஓடை, முழுக்கச் செடியும் சேறும் அடைத்துக் கிடக்கும். பெருமழை பெய்தால் தண்ணீர் அதற்குள் போகாமல் பின்கதவு வழியாக ஹாலுக்கு வரும். இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாம் முறை பூஞ்சை பிடித்து, என் அக்கா மகள் திவ்யாவுக்கு வீசிங் தொடங்கி, ராத்திரியெல்லாம் மூச்சுக்குத் தவித்தது குழந்தை. ஓடையை அகலப்படுத்துவதா வேண்டாமா என்பது கவுண்டி கமிஷனர் கையில். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, கமிஷனர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள். எந்தக் கவுண்டி என்று எழுதப் போவதில்லை. அப்போதிருந்த கமிஷனர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவரை எதிர்த்து, ஓய்வு பெற்ற ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் ஒருவர் நின்றார். முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கி, ஒரு குச்சியால் ஆழம் பார்த்துவிட்டு, "முதல் வேலை இதுதான்" என்று அக்காவிடம் சொன்னவர்.

இங்கே கட்சிகளுக்கு யானையும் கழுதையும் சின்னம். அந்த வட்டாரத்தில் யானைதான் எல்லாம். கமிஷனரும் யானை, வாத்தியாரும் யானை. கழுதைக் கட்சி அந்தப் பதவிக்கு ஆளே நிறுத்தவில்லை. நவம்பர் பொதுத் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பிரைமரி. மார்ச்சில் யானைக் கட்சிக்குள் நடந்த பிரைமரியில் மூன்று பேர் போட்டியிட்டு, யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை. அதனால் முதல் இருவருக்கும் ஏப்ரலில் மறு போட்டி. ரன்-ஆஃப் என்பார்கள். அதற்குத்தான் அக்கா போன் செய்தாள். "கண்ணு, கால்ல கட்டுப் போட்டிருக்கேன், என்னால டிரைவ் பண்ண முடியாது. மாமாவுக்கு ஆபீஸ். நீ லீவு போட்டுட்டு வா. என்னையும் எங்க தெரு சரோஜா ஆன்ட்டியையும் அங்கிளையும் பூத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்." பேர்லேண்டில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போக முடியாது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஆறரைக்குள் டாலஸ் டவுன்டவுனைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு ஐ-45 நெடுஞ்சாலையில் தெற்கே ஒரே நேர்கோடு. மொத்தம் கிட்டத்தட்ட 270 மைல். நிற்காமல் ஓட்டினால் நாலரை மணி, நான் இரண்டு இடத்தில் நின்றேன். கோர்சிகானா தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் புளூபானெட் பூத்துக் கிடந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். ஏப்ரல் முதல் பாதியில் போனால்தான் பார்க்கலாம். எல்லாரும் காரை ஓரம் கட்டிக் குழந்தைகளைப் பூவுக்குள் உட்கார வைத்து போட்டோ எடுப்பார்கள். பாம்பு இருக்கும், பார்த்து உட்கார வையுங்கள். ஹன்ட்ஸ்வில் அருகே மரங்களுக்கு மேலே ஒரு ராட்சச வெள்ளைச் சிலை தெரியும், அங்கே கழிப்பறை சுத்தம்.

பெட்ரோல் போட்டது பஃபலோ என்ற ஊரில். கேலன் ஒன்றரை டாலருக்குக் கொஞ்சம் கீழே. புல்வெளி முழுக்கத் தேர்தல் பலகைகள் நட்டிருந்தார்கள், எதிலும் கட்சிப் பெயர் இல்லை, ஆள் பெயர் மட்டும். கல்லாவில் இருந்த பெரியவரிடம், "எந்தக் கட்சி என்று போடவில்லையே?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்கும்மா போடணும்? இங்க இருக்கிறது ஒண்ணுதான். சண்டையெல்லாம் இப்பவே முடிஞ்சிரும். நவம்பர் சும்மா, ஊர்வலம்." இதை அவர் என்னமோ இன்று வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் கட்சிக்குள் சண்டை என்றால் தலைவர் வீட்டு வாசலில் முடியும், ஜனங்கள் முன்னால் நடக்காது. இங்கே ஜனங்களைக் கூப்பிட்டுத்தான் நடத்துகிறார்களே, நல்லதுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் வரைதான் அந்தச் சமாதானம்.

பதினொன்றரைக்கு அக்கா வீடு. கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டே அரிசிம்பருப்புச் சாதம் செய்து வைத்திருந்தாள். சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். வார நாளில் கூட்டமே இருக்காது, மீனாட்சியை நின்று நிதானமாகப் பார்க்கலாம். வாத்தியார் ஜெயிக்க வேண்டுமென்று அக்கா அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் தெரியாதென்பதால் சுவாமி பெயருக்கே என்று சொல்லிவிட்டாள். குருக்கள் கண்டுகொள்ளவில்லை. திவ்யாதான், "அம்மா, ஹீ இஸ் நாட் ஈவன் ஹிந்து!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் பக்கத்து எலிமென்டரி ஸ்கூலின் சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். அக்கா பட்டுப் புடவை. அதே தெருவில் இருக்கும் சரோஜா ஆன்ட்டியும் அங்கிளும் பளிச்சென்று வந்திருந்தார்கள். மேசையில் வெள்ளை முடியோடு ஓர் அம்மா, தேர்தல் அதிகாரி. அக்காவின் வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், முகத்தில் ஒரு சங்கடம்.

"மேம், நீங்க மார்ச்ல கழுதைக் கட்சி பிரைமரில ஓட்டுப் போட்டிருக்கீங்க. இது யானைக் கட்சி ரன்-ஆஃப். இதுல போட முடியாது."

அக்காவுக்குப் புரியவில்லை. "அது பிரசிடென்ட்டுக்கு. இது கமிஷனருக்கு. வேற வேற தானே?"

"இல்ல மேம். மார்ச்ல எந்தக் கட்சிப் பக்கம் போனீங்களோ, ரன்-ஆஃப்லயும் அந்தப் பக்கம்தான். அட்டையிலயே ஸ்டாம்ப் இருக்கு பாருங்க."

இருந்தது. சரோஜா ஆன்ட்டி அட்டையிலும் இருந்தது, அங்கிள் அட்டையிலும் இருந்தது. மார்ச்சில் என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து ஒன்றில், இருபத்தைந்து வருடமாக அமெரிக்காவில் இருக்கும் ஒரு டாக்டர் அங்கிள், "நம்மள மாதிரி வந்தேறிகளுக்குக் கழுதைதான், கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நம் ஆட்களுக்குத்தான் கட்சி என்றால் குலதெய்வம் மாதிரி ஆயிற்றே! ஊரில் அப்பா எந்தக் கட்சியோ அதுதான் பிள்ளைக்கும். அதே பழக்கத்தில் எல்லாத் தமிழ்க் குடும்பமும் கும்பலாகப் போய்க் கழுதைச் சீட்டை வாங்கியிருக்கிறது. மார்ச்சில் யாரும் எந்தக் கட்சி மேசைக்கும் போகலாம், ஆனால் ஒன்றுக்குத்தான். அங்கே என்ன இருந்தது? பிரசிடென்ட் வேட்பாளர் தேர்வு. அதுவோ டெக்ஸாஸின் முறை வருமுன்னே முடிந்து, எதிர்த்து நின்றவரும் விலகியிருந்தார். முடிந்துபோன கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறார்கள். இன்னும் முடிவாகாத ஒன்றே ஒன்று, தங்கள் வீட்டுப் பின்வாசல் ஓடை, பக்கத்து மேசையில் யானைச் சீட்டில் இருந்திருக்கிறது.

"சரிங்க, நவம்பர்ல வந்து போட்டுக்கறேன்" என்றாள் அக்கா.

"கண்டிப்பா வாங்க" என்றார் அந்த அம்மா, அன்பாகவே.

"நவம்பர்ல இதுக்கு யார் யாரு நிப்பாங்க?"

"இன்னைக்கு ஜெயிக்கறவர்."

"அப்புறம்?"

"அவர் மட்டும்தான், மேம்."

எனக்கு வந்ததே கோபம்! ஓட்டே இல்லாதவள், பேசக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றவள், கத்திவிட்டேன். "அப்ப இவங்க எதுக்குத்தான் சிட்டிசன் ஆனாங்க?" என்று நான் தமிழில் கத்தியது அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது, தொனி புரிந்திருக்கும். ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சியின் தேர்வைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அந்த விதியாம். இரண்டு கட்சி இருக்கிற ஊரில் அது நியாயம். ஒரே கட்சி இருக்கிற ஊரில், அந்தக் கட்சியின் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஓட்டே இல்லை என்றுதானே அர்த்தம்? அதை மார்ச்சில் அந்த மேசையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லையாம்.

வேடிக்கை இனிமேல்தான். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: "மார்ச்ல எங்கயுமே போடாதவங்க?" திரும்பிப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். போடலாமாம்! மார்ச்சில் பட்டுப் புடவை கட்டி வரிசையில் நின்றவளுக்குக் கிடையாது, சோபாவில் படுத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தவருக்கு உண்டு. படுத்திருந்தவர் எங்கள் மாமா. அக்கா உடனே ஹூஸ்டன் ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, மார்ச்ல ஓட்டுப் போட வரச்சொன்னா வரலைன்னீங்கல்ல?"

"அதையேன் இப்ப கேக்கற? மீட்டிங்ல இருக்கேன்."

"அதுதான் இப்ப உதவுது. மீட்டிங்கை விட்டுட்டு வாங்க. குடும்பத்துல உங்க ஒருத்தருக்குத்தான் ஓட்டு இருக்குது."

ஆறு மணிக்கு 288 நெடுஞ்சாலை டிராஃபிக்கில் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். போட்டார். சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ராஜ்யத்தையே காப்பாற்றியவர் போல வந்து நின்றார். "சோம்பேறியா இருக்கறதுலயும் ஒரு பிளானிங் வேணும்" என்றார். அக்கா அவரை அடிக்காததுதான் பாக்கி.

வாத்தியார் தோற்றார். எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? அக்காவின் சிட்டிசன் கேக்கை வெட்டச் சுற்றி நின்ற கூட்டத்தைவிடக் குறைவு. அந்தக் கூட்டம் முழுக்கக் கழுதை ஸ்டாம்ப். நான் மறுநாள் இர்விங் திரும்பும் வழியெல்லாம் அதே நீலப் பூக்கள், ஒன்றும் மனதில் ஏறவில்லை. நவம்பரில் அக்கா போனாள். சீட்டில் கமிஷனர் பதவிக்கு நேரே ஒரே ஒரு பெயர். அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

சரி, உங்களுக்கான குறிப்புகள். கோயிலுக்கென்றால் சனிக்கிழமை வேண்டாம், வார நாளில் போங்கள். ஹூஸ்டனுக்குள் மூன்று மணிக்கு மேல் நுழையாதீர்கள். தயிர்சாதம் கையில் இருக்கட்டும், வழியில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவல்தான். புதிதாக சிட்டிசன் ஆனவர்களுக்குத் தனியாக ஒன்று: பாட்லக்கில் சொன்னார்கள் என்று போகாதீர்கள். உங்கள் தெருவுக்கு, பள்ளிக்கு, ஓடைக்கு யார் யார் நிற்கிறார்கள், எந்தக் கட்சிச் சீட்டில் நிற்கிறார்கள் என்று பார்த்து, அந்த மேசைக்குப் போங்கள். கட்சி பிடிக்கிறதா இல்லையா என்று நவம்பரில் யோசித்துக்கொள்ளலாம்.

2001 ஜூனில் அந்தப் பெரிய புயல்மழை வந்தது. முன்பு இரண்டு முறை வந்தது கணுக்கால் அளவு, இம்முறை முழங்கால். திவ்யாவை இன்ஹேலரோடு சரோஜா ஆன்ட்டி வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் போனேன், அதே 270 மைல். அக்காவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நாற்றமெடுத்த கார்ப்பெட்டைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது கமிஷனர் பிக்-அப்பில் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அக்கா ஓடையைப் பற்றிக் கேட்டாள்.

"புரியுது, மேம். ஆனா போன நவம்பர்ல என்னை எதிர்த்து ஒருத்தர்கூட நிக்கல பாருங்க. இந்த ஓடை ஜனங்களுக்கு அவ்வளவு பெரிய பிரச்சினைன்னா நின்னிருப்பாங்க, இல்லையா?"

 "அடுத்த பிரைமரி எப்ப?" என்று கேட்டாள் அக்கா.

"2004 மார்ச்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார் அவர்.

அக்கா கார்ப்பெட்டைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏனுங்க, புதுக் கார்ப்பெட் வேண்டாமுங்க. டைல்ஸ் போட்டுருங்க. இன்னும் மூணு வருசத்துக்குத் தண்ணி வரும்."